ரைட்டரின் மேல் விழுந்த பழி

மதர்போர்டை ஒரு கடையிலும், பிராசஸரை மற்றொரு கடையிலும், ராமை யார் மலிவாகக் கொடுக்க முன்வந்தாரோ அவரிடமுமாக வாங்கி, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஏதோ ஒரு மாடியறையில் ஒரே பிற்பகலில் பூட்டிச் சேர்த்து, ஆட்டோவில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்ப்யூட்டர், இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நடுத்தரக் குடும்பங்களில் பெற்றிருந்த ஸ்தானத்தை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கிச் சொல்வது சிரமம். அதில் எல்லாம் புதிது, எல்லாம் வேகம். ஆயினும் வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள்ளேயே ஒரு முறையீடு கிளம்பும். மகளின் கல்யாண வீடியோவையோ, வெளிநாடு போகும் தம்பிக்காகச் சேர்த்துவைத்த புகைப்படங்களையோ டி.வி.டி.யில் ஏற்ற முற்பட்டால், 16 மடங்கு வேகம் என்று முகப்பில் பொறித்துக்கொண்டு வந்த ரைட்டர், ஆறு நிமிஷத்தில் முடித்திருக்க வேண்டிய வேலையை நாற்பது நிமிஷம் இழுக்கிறது என்பதும், அந்த நாற்பது நிமிஷமும் திரையில் மௌஸ் அம்பு நகர மாட்டாமல் திக்குகிறது என்பதுமே அந்த முறையீடு.

கடையில் போய்ச் சொன்னால் கிடைக்கும் விடையும் ஏறக்குறைய மாறாதது. “ரைட்டர் வீக்கா இருக்கு சார், வாரண்டியில மாத்திடலாம்.” மாற்றிக் கொடுப்பார்கள். புதிய ரைட்டரும் நாற்பது நிமிஷமே எடுத்துக்கொள்ளும். மந்தம் கண்ணுக்குத் தெரியும் இடம் ரைட்டர்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் மந்தத்தின் மூலம் பெரும்பாலும் ரைட்டருக்கு முன்னாலுள்ள வழியில் இருந்தது. அந்த வழியைக் குறுக்கியதும், குறுகியதை வீட்டுக்காரர் அறியாதபடி மறைத்ததும், யந்திரத்தின் தவறுகளைப் பொறுத்துப்போவதற்காக நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட இரண்டு ஏற்பாடுகள் என்பதே இதில் வேடிக்கை.

முதலில் வேகம் என்பதன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் 1980 இல் வகுத்த இசைத் தகட்டின் இலக்கணத்திலிருந்து பிறந்த சி.டி.க்கு ஒரு மடங்கு வேகம் என்பது விநாடிக்கு 150 கிலோபைட். பின்னால் வந்த டி.வி.டி.க்கோ ஒரு மடங்கே விநாடிக்கு 1,385 கிலோபைட், அதாவது சி.டி.யைப் போல் ஒன்பது பங்கு. ஆகவே 52 மடங்கு என்று எழுதிய சி.டி. ரைட்டருக்கு விநாடிக்கு எட்டு மெகாபைட்டுக்கும் குறைவாக ஊட்டினால் போதும் என்றிருக்க, 16 மடங்கு என்று எழுதிய டி.வி.டி. ரைட்டருக்கு 22 மெகாபைட் ஊட்ட வேண்டியிருக்கிறது. சி.டி. எழுதும்போது ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்ட கம்ப்யூட்டர், டி.வி.டி. என்றதும் தள்ளாடுவதற்கு இந்த ஒரு கணக்கே பாதிக் காரணம். 4.7 ஜிகாபைட் கொள்ளும் தகட்டை ஒரு மடங்கு வேகத்தில் எழுத 56 நிமிஷத்திற்கு மேலாகும். நாற்பது நிமிஷம் எடுக்கும் ரைட்டர், முகப்பில் எத்தனை மடங்கு எழுதியிருந்தாலும், உண்மையில் ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐம்பத்தாறைப் பதினாறால் வகுத்துப் பார்த்து, மூன்றரை நிமிஷத்தில் முடிய வேண்டியது ஆறு நிமிஷம் ஆகிறதே என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கவலைக்கு ஆதாரமில்லை. தகடு எழுதப்படுவது உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி. ரைட்டர் தகட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகிறது. மையத்தை ஒட்டிய சிறு வட்டத்தில் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் குறைவு, விளிம்பருகே அதிகம். எனவே ஏழு மடங்குக்கும் கீழே தொடங்கிப் படிப்படியாக ஏறி, விளிம்பை நெருங்கும்போதுதான் பதினாறைத் தொடும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண், வியாபாரிகளின் வழக்கப்படி, அந்தக் கடைசிக் கணத்தின் எண்.

இனி வழியைப் பற்றி. ஹார்ட் டிஸ்கிலிருந்து புறப்படும் தரவு, கம்ப்யூட்டரின் நினைவகத்தில் சற்றே தங்கி, ஐ.டி.ஈ. என்று அழைக்கப்பட்ட அகலமான பட்டைக் கேபிளின் வழியே ரைட்டருக்குள் சென்று, அங்குள்ள சிறிய இடைநிலைச் சேமிப்பில், அதாவது பஃபரில், விழுகிறது. அதிலிருந்து எடுத்துத்தான் லேசர் எழுதுகிறது. இந்தப் பஃபரின் கொள்ளளவு அக்காலத்து ரைட்டர்கள் பலவற்றில் 2 மெகாபைட். எட்டு மடங்கு வேகத்தில் எழுதும்போது அது காலியாவதற்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. தொண்ணூறுகளில் பஃபர் காலியானால் கதை முடிந்தது: லேசரால் நடுவில் நின்று மீண்டும் அதே இடத்தில் தொடங்க இயலாது, தகடு குப்பைக்குப் போகும். சி.டி. எழுதும்போது மௌஸைத் தொடாதே, யாரும் நடக்காதே என்று வீட்டார் அனைவரும் மூச்சடக்கி இருந்த காலம் அது. அதற்கு முடிவு கட்டியது ஸான்யோ நிறுவனம் உருவாக்கி 2000 ஆம் ஆண்டில் ரைட்டர்களுக்குள் வந்து சேர்ந்த ‘பர்ன்-ப்ரூஃப்’ என்ற உத்தி. தரவு வரத் தாமதமானால் லேசர் நின்று, நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, தரவு வந்ததும் மைக்ரான் கணக்கில் பிசகாமல் அங்கிருந்தே தொடரும். பெரிய உபகாரம்தான். தகடு பாழாவது ஒழிந்தது; ஆனால் கூடவே, கோளாறு இருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியும் ஒழிந்தது. முன்பு உடைந்த தகடாக வெளிப்பட்ட நோய், அதற்குப் பிறகு வெறும் தாமதமாக மட்டுமே வெளிப்பட்டது. தாமதத்தை யார் நோய் என்று எண்ணுகிறார்கள்?

கேபிளின் வழியே தரவு செல்வதற்கு இரு முறைகள் இருந்தன. பி.ஐ.ஓ. என்ற பழைய முறையில் பிராசஸரே ஒவ்வொரு சிறு துணுக்கையும் தன் கையால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். டி.எம்.ஏ. என்ற பிந்திய முறையிலோ பிராசஸர் உத்தரவு மட்டும் பிறப்பித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். நினைவகத்துக்கும் கேபிளுக்கும் இடையிலுள்ள போக்குவரத்தை அதற்கென அமைந்த சுற்றுகளே கவனித்துக்கொண்டு, முடிந்ததும் செய்தி சொல்லும். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் வைக்காமல், பெண்ணைப் பெற்றவரே தூக்குவாளியோடு ஒவ்வோர் இலைக்கும் குனிந்து நிமிர்ந்தால் பந்தியும் நகராது, வாசலில் வந்து நிற்கும் சம்பந்தியை வரவேற்கவும் நாதியிராது என்பதை நினைத்துப் பார்த்தால், டி.வி.டி. எழுதும்போது மௌஸ் அம்பு ஏன் திக்கியது என்பது விளங்கிவிடும். பி.ஐ.ஓ.வின் மிக வேகமான நான்காம் படிக்கு ஏட்டில் கண்ட உச்சம் விநாடிக்கு 16.7 மெகாபைட், அடிப்படியான பூஜ்யப் படிக்கு 3.3. ஏட்டிலுள்ள உச்சமே 22 மெகாபைட் கேட்கும் ரைட்டருக்குப் பற்றாது. நடைமுறையில் கிடைத்ததோ அதிலும் ஒரு சிறு பங்கு. டி.எம்.ஏ.யின் அல்ட்ரா வகையில் இரண்டாம் படியே 33 மெகாபைட் கொடுத்தது. ரைட்டருக்கு அது தாராளம்.

அப்படியானால், டி.எம்.ஏ. தெரிந்த மதர்போர்டும் டி.எம்.ஏ. தெரிந்த ரைட்டரும் சேர்ந்த புத்தம் புதிய யந்திரம் எதற்காகப் பழைய முறைக்குப் போக வேண்டும்? இங்கேதான் இரண்டாவது நல்லெண்ண ஏற்பாடு வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பி, கேபிள் வழியே வரும் தரவில் பிழை கண்டாலோ, குறித்த காலத்திற்குள் பதில் வராவிட்டாலோ, அதை ஒரு கணக்கில் குறித்துக்கொள்ளும். அவ்வாறு ஆறு பிழைகள் சேர்ந்ததும், இந்த வழி இவ்வளவு வேகத்தைத் தாங்காது போலும் என்று தீர்மானித்து ஒரு படி இறங்கும். பிழைகள் தொடர்ந்தால் மேலும் இறங்கி, முடிவில் பி.ஐ.ஓ.வில் போய் அமர்ந்துவிடும். தத்துவம் என்ற அளவில் இதைக் குறை சொல்வதற்கில்லை: தவறான தரவைவிட மெதுவான தரவு மேல். குறை வேறிடத்தில். ஆறு என்ற அந்தக் கணக்கு தொடர்ச்சியாக வந்த ஆறு அன்று; இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று எப்போது வந்தாலும் சேர்ந்துகொண்டே போகும் ஆறு. இடையில் பல்லாயிரம் முறை பிழையின்றி வேலை நடந்திருந்தாலும் பழைய பிழைகள் தள்ளுபடியாவதில்லை. கீறல் விழுந்த பாட்டுத் தகடு ஒன்றைப் போட்டு, படிக்க முடியாமல் ரைட்டர் முனகிக்கொண்டிருந்தால், அந்த மௌனமும் பிழைக் கணக்கில் ஏறியது. இறங்கியது இறங்கியதுதான், தானாக மேலேறும் வழி அதற்குக் கற்பிக்கப்படவில்லை. இவ்வளவையும் செய்த விண்டோஸ், ஒற்றை வரி எச்சரிக்கைகூடத் திரையில் காட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்றளவும் பொறுக்காத விஷயம். அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்துவிட்டால் மணியடித்துச் சொல்லத் தெரிந்த மென்பொருளுக்கு, தன் கையைத் தானே கட்டிக்கொண்டதைச் சொல்லத் தெரியாமல் போனது வடிவமைத்தவர்களின் அலட்சியம் என்றே கருதுகிறேன். பிறகு மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டதும் உண்மை; ஆனால் ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து உரிய மதிப்பைத் தாமே எழுதிச் சேர்த்தவர்களுக்கே அதன் பலன் கிட்டியது.

பரிகாரம் எளிது. டிவைஸ் மானேஜரைத் திறந்து, ரைட்டர் இருக்கும் ஐ.டி.ஈ. சானலின் மேம்பட்ட அமைப்புகள் என்ற பக்கத்தைப் பார்த்தால், தற்போதைய முறை பி.ஐ.ஓ. என்று அங்கே ஓர் ஓரத்தில் எழுதியிருக்கும். ‘முடிந்தால் டி.எம்.ஏ.’ என்ற தெரிவு மேலேயே இருக்கும். அதைத் தேர்ந்தெடுப்பது பல சமயங்களில் பயன்தராது, ஏனெனில் அது ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டுத்தான் இருக்கும். அந்தச் சானலையே நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டதுபோல் நிறுவி, பழைய பிழைக் கணக்கை மறந்து, டி.எம்.ஏ.வுக்குத் திரும்பும். நாற்பது நிமிஷம் ஆறு நிமிஷமாகும் அந்தக் கணத்தில் வீட்டுக்காரர் முகத்தில் தோன்றும் பிரமிப்பு, மெக்கானிக்குகளுக்குக் கிடைத்த தனிச் சம்பாவனை. லினக்ஸ் வைத்திருந்த சிலரோ எச்டிபார்ம் என்ற கட்டளையை ஒரு வரி அடித்து, விண்டோஸ்காரர்களைப் பார்த்துப் புன்னகை புரிவார்கள். அவர்களுக்கு வேறு துன்பங்கள் இருந்தன.

ஆயினும் கணக்கை அழிப்பது மாத்திரம் முழு வைத்தியமாகாது. ஆறு பிழைகள் ஏன் வந்தன என்று கேட்காவிட்டால் இன்னும் இரண்டு மாதத்தில் அதே ஆறு வந்து நிற்கும். கேட்டால், விடை அநேகமாகக் கேபிளில் கிடைக்கும். பழைய பட்டைக் கேபிளில் நாற்பது கம்பிகள். பிற்பாடு வந்ததில் எண்பது. முனையிலுள்ள துளைகள் மட்டும் அதே நாற்பது. கூடுதலான நாற்பதும், தரவு செல்லும் கம்பிகள் ஒன்றுக்கொன்று இரைச்சல் பரப்பாமலிருக்க இடையிடையே ஓடவிட்ட தரைக் கம்பிகள். 33 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வேகங்களுக்கு எண்பது கம்பிக் கேபிள் கட்டாயம்; நீளம் 18 அங்குலத்தை மீறலாகாது. நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியிலுள்ள கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு என்று வர்ணமும் வகுத்திருந்தார்கள். மாலைக்குள் ஐந்து யந்திரம் பூட்டியாக வேண்டிய பையனுக்கு வர்ணத்தைப் பார்க்க நேரம் ஏது? கைக்கு எட்டிய கேபிளை எட்டிய முனையில் செருகி, ரைட்டரின் முதுகிலுள்ள ஜம்பரை வந்தபடியே விட்டு, பெட்டியின் மூடியைப் போட்டுவிடுவான். யந்திரம் ஓடும், ஓடியதால் எல்லாம் சரி என்று பொருளாகும்.

ஒரு கேபிளை மிச்சப்படுத்துவதற்காக ஹார்ட் டிஸ்கையும் ரைட்டரையும் ஒரே பட்டையில் மாட்டும் வழக்கமும் சாதாரணம். ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுதான் கேபிளைப் பயன்படுத்த முடியும். ஹார்ட் டிஸ்க் கொடுத்து ஓய்ந்த பிறகே ரைட்டர் வாங்கத் தொடங்கும். இரண்டையும் பிரித்து, ஹார்ட் டிஸ்கை முதற் சானலிலும் ரைட்டரை இரண்டாம் சானலிலும் வைப்பதால் தீர்ந்த வழக்குகள் அநேகம். மதர்போர்டோடு வந்த டிரைவர் தகடு உறை பிரிக்கப்படாமலே மேஜை இழுப்பில் கிடந்த வீடுகளும் உண்டு. சிப்செட்டுக்குரிய டிரைவர் இல்லாமல் விண்டோஸ் தனக்குத் தெரிந்த பொதுவான டிரைவரைக் கொண்டு காலந்தள்ளிக்கொண்டிருக்கும்.

2006 இல் நிலைமை இன்னொரு விதமாகச் சிக்கலாயிற்று. இன்டெல் நிறுவனம் 965 வரிசைச் சிப்செட்டிலிருந்து பழைய ஐ.டி.ஈ.யைக் கைவிட்டது. ரைட்டர்களோ இன்னும் பெரும்பாலும் பட்டைக் கேபிளோடுதான் விற்பனையாயின. ஆகவே மதர்போர்டு செய்தவர்கள் வேறு நிறுவனங்களின் சிறு சிப் ஒன்றைக் கூடுதலாகப் பதித்து, ஐ.டி.ஈ. வாய் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தச் சிப்புக்குத் தனி டிரைவர். அதை நிறுவாவிட்டால் ஒரு தொல்லை. நிறுவினால் ரைட்டர் ஸ்கஸி சாதனமாக வேஷம் பூண்டு, மேலே சொன்ன பி.ஐ.ஓ., டி.எம்.ஏ. பக்கமே கண்ணில் படாமல் போவது மற்றொரு தொல்லை.

இத்தனை சந்தேகங்களுக்கும் நடுவே, கோளாறு எந்தப் பக்கம் என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக் கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் உதிரி பாகங்களை மாற்றியவர்கள் பணத்தை விரயம் செய்தார்கள். இம்க்பர்ன் முதலான எழுதும் மென்பொருள்களில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று மென்பொருளின் சொந்தப் பஃபர், மற்றது ரைட்டருக்குள் இருக்கும் பஃபர். முதற் பட்டையே வற்றிக்கொண்டிருந்தால், ஹார்ட் டிஸ்கால் போதிய வேகத்தில் கொடுக்க முடியவில்லை. முதற் பட்டை நிரம்பியிருக்க இரண்டாவது மட்டும் ஏறுவதும் விழுவதுமாக ஊசலாடினால், நடுவழி அடைபட்டிருக்கிறது, பி.ஐ.ஓ.வையும் கேபிளையும் தேடிப் போகலாம். இரண்டும் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தும் வேகம் மட்டும் வரவில்லையென்றால், ரைட்டர் தானாகவே மெதுவாக எழுதத் தீர்மானித்திருக்கிறது; அப்போதுதான் தகட்டைப் பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்கின் குற்றம் அநேகமாகக் கோப்புகளின் எண்ணிக்கையில் அடங்கியிருக்கும். ஒரே பெரிய படமாக இருந்தால் விநாடிக்கு ஐம்பது மெகாபைட் வாரி வழங்கும் டிஸ்க், பத்தாயிரம் சிறு கோப்புகளாக இருந்தால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்கவே நேரத்தைச் செலவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே ஐ.எஸ்.ஓ. பிம்பமாகத் திரட்டிக்கொண்டு பிறகு எழுதினால் தீர்ந்தது. ஒவ்வொரு கோப்பையும் வாசலில் நிறுத்திச் சோதனை போடும் ஆன்டிவைரஸைச் சற்று நேரம் உறங்க வைப்பதும் உதவும்.

தகட்டின் விஷயம் சுவாரஸ்யமானது. எழுதத்தக்க ஒவ்வொரு தகட்டிலும், அதைச் செய்த ஆலையின் சங்கேதம் உற்பத்தியின்போதே பதிக்கப்பட்டிருக்கிறது. ரைட்டர் முதலில் அதைப் படித்து, தன் ஃபர்ம்வேருக்குள் இருக்கும் அட்டவணையில் தேடி, இந்தச் சாயத்திற்கு லேசரின் சக்தி எவ்வளவு, எத்தனை மடங்கு வேகம் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளும். உள்விளிம்பில் ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் லேசரைச் சுட்டுப் பரீட்சித்த பிறகே எழுதத் தொடங்கும். அட்டவணையில் இல்லாத சங்கேதமானால், அறியாத ஊரில் இரவு நேரம் என்ற பாவனையில், நான்கு மடங்கோ அதற்கும் கீழோ என்று அடக்கி வாசிக்கும். உறையின் மேல் 16 என்று அச்சிட்டிருப்பது ரைட்டருக்கு ஒரு பொருட்டன்று. அட்டவணை புதுப்பிக்கப்பட்ட ஃபர்ம்வேரை ஏற்றினால், நேற்றுவரை முரண்டு பிடித்த அதே தகட்டை இன்று 16 மடங்கில் எழுதக் கூடும். உறையில் உள்ள பெயரும் உள்ளே உள்ள சங்கேதமும் வேறுபடுவதும் சர்வ சாதாரணம். ஒரே பெயரில் விற்கப்பட்ட தகடுகள் வெவ்வேறு ஆலைகளில் பிறந்தவையாக இருந்தன. 1988 இல் சி.டி.-ஆர் தகட்டை உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடனுடைய சங்கேதத்தைத் தேடி வாங்கிய ரசிகர்கள் உலகெங்கும் இருந்தார்கள். நம் நாட்டில் எங்கும் கிடைத்தது மோசர் பேயர். 1983 இல் நேரம் பதிக்கும் கருவிகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்டு, ஸ்விட்சர்லாந்துக் கூட்டாளியின் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனம், பின்னால் ஒளித்தகடு உற்பத்தியில் உலக அளவில் பெரியவர்களுள் ஒன்றாகி, தமிழ்ப் படங்களின் உரிமைகளையும் வாங்கி மலிவான டி.வி.டி.களாக வெளியிட்டு, 2018 இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. எம்.பி.ஐ. என்று தொடங்கும் அதன் சங்கேதம் இன்றும் பல பீரோக்களுக்குள் உறங்குகிறது.

எழுதுவதே ஆகாத தாமதங்களும் எழுதுவதன் கணக்கில் சேர்ந்தன. கேமராவிலிருந்து வந்த படத்தை டி.வி.டி. ப்ளேயரில் ஓடும் வடிவத்திற்கு மாற்ற அக்காலத்துப் பெண்டியம் 4 மணிக்கணக்கில் உழைக்கும். தகட்டில் எழுதுவது அதற்குப் பிந்திய கடைசிச் சில நிமிஷங்களே. எக்ஸ்பியின் சொந்த எழுத்து வசதியோ, கோப்புகள் அனைத்தையும் முதலில் ஹார்ட் டிஸ்கில் ஒரு தற்காலிக இடத்திற்கு நகலெடுத்துவிட்டுத்தான் சி.டி.யைத் தொடும். எழுதியதைச் சரிபார்க்கச் சொன்னால் முழுத் தகட்டையும் இன்னொரு முறை படித்துப் பார்க்கும்.

ஒரு கேபிளுக்கு ஒரே சாதனம் என்ற ஸாட்டா முறை ரைட்டர்களுக்கும் வந்தபின், மாஸ்டரும் ஸ்லேவும் ஜம்பரும் வழக்கொழிந்தன. பஃபர் பட்டைகள் இரண்டும் எழுதி முடிக்கும்வரை அசையாமல் நின்றன. இவ்வாறு 16 மடங்கு வேகம் கடைசியில் கைக்கு வந்த பிறகு, விவரமறிந்தவர்கள் அதை உபயோகிக்கவில்லை. உச்ச வேகத்தில் வெளிவிளிம்பருகே பிழைகள் மிகுவதைச் சோதனை மென்பொருள்கள் வரைபடமாகக் காட்டின. ஆகையால் கல்யாண வீடியோ போன்றவற்றை எழுதும்போது வேகத்தைத் தாங்களே எட்டுக்குக் குறைத்து வைத்தார்கள். எட்டு மடங்கில் எழுத எட்டு அல்லது ஒன்பது நிமிஷம் ஆகும். பதினாறுக்கும் அதற்கும் வித்தியாசம், ஒரு காப்பி கலந்து குடிக்கும் நேரம்.